மறு: மறு: ‘ஹப் அண்ட் ஸ்போக்’ கார்டெல் – தமிழில் எது?

குழுவினருக்கு வணக்கம்.

போட்டிச் சட்டச் சொற்பட்டியலில் இந்த ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: மைய-ஆரச் சதி, இடையாள்வழி விலைக்கூட்டு, குடம்-ஆரக்கால் கார்டெல், ஆரக்கூட்டு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ‘ஹப்’ என்பது சக்கரத்தின் நடுப்பகுதி, ‘ஸ்போக்’ அதிலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரக்கால். வழக்கமான கார்டெலில் போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி விலையையோ உற்பத்தி அளவையோ முடிவுசெய்கின்றன. இந்த வகையில் அவை ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு விநியோகஸ்தர், வழங்குநர், இணையத்தளம் அல்லது ஆலோசகர் நடுவில் இருந்துகொண்டு ஒருவர் தகவலை மற்றவரிடம் சேர்ப்பார். போட்டிச் சட்டம், 2002இன் 3(3) பிரிவு ஒரே மாதிரித் தொழிலில் இருப்பவர்களைப் பற்றி மட்டுமே பேசியது. 2023 திருத்தம் அதில் ஒரு வரம்புரையைச் சேர்த்தது: அத்தொழிலில் இல்லாதவரும் அந்த உடன்பாட்டை முன்னெடுப்பதில் பங்கெடுத்தால், அல்லது பங்கெடுக்க எண்ணினால், அவரும் உடன்பாட்டில் ஒரு தரப்பு என்றே அனுமானிக்கப்படுவார்.

சொல் எதுவானாலும் ‘அந்த நடு நிறுவனம்’, ‘சுற்றியுள்ள நிறுவனங்கள்’ இரண்டையும் தனித்தனியே குறிக்க வழி வேண்டும். போட்டி ஆணையத்தின் உத்தரவுகளில் இவை பத்திக்குப் பத்தி வரும்.

– செ.

---

செ. ஐயா, வணக்கம்.

> மைய-ஆரச் சதி

‘சதி’யை முதலில் எடுத்துவிடலாம். குற்றவியல் சட்டத்தில் ‘குற்றச் சதி’ என்பது சிறைக்குப் போகும் விவகாரம். இந்தியாவில் கார்டெலுக்குச் சிறை இல்லை, பண அபராதம்தான். ஆனால் அது சிறிய அபராதம் இல்லை. 27(ஆ) பிரிவின்படி, உடன்பாடு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை. இவற்றில் எது அதிகமோ அது. 2023 திருத்தத்துக்குப் பின் ‘விற்றுமுதல்’ என்றால் எல்லாப் பொருள்களும் சேவைகளும் சேர்ந்த உலகளாவிய விற்றுமுதல். எக்செல் கிராப் கேர் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. உச்சவரம்பைப் பொறுத்தவரை அந்த ஆறுதல் இப்போது இல்லை.

> இடையாள்வழி விலைக்கூட்டு

‘விலை’யும் ஆகாது. 3(3)இல் நான்கு வகை உண்டு: விலை நிர்ணயம், உற்பத்தி அல்லது வழங்கலைக் கட்டுப்படுத்தல், சந்தையைப் பங்கிடல், ஒப்பந்தப்புள்ளி மோசடி. ஒரே ஆலோசகர் மூன்று நிறுவனங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரித்துக் கொடுத்து, யார் எந்தத் தொகை போட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறார் என்றால் அதுவும் இதே வகைதான். அதை ‘விலைக்கூட்டு’ என்றால் படிப்பவர் தன் விஷயம் இல்லை என்று தாண்டிப் போய்விடுவார்.

‘இடையாள்’ எனக்குப் பிடிக்கும். ஆனால் விநியோகச் சங்கிலியில் இருக்கும் எல்லோரும் இடையாட்களே. உற்பத்தியாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலான சாதாரணச் செங்குத்து உடன்பாடு 3(4)இல் வருகிறது. அங்கே போட்டிக்குப் பாதிப்பு ஏற்பட்டதை நிரூபித்தாக வேண்டும். 3(3)இல் பாதிப்பு அனுமானிக்கப்படும். இல்லை என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. இன்னொன்று: 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தீர்வு, உறுதிமொழி வழிகள் (ஆணையத்தோடு இசைந்து வழக்கை முடித்துக்கொள்ளும் வழிகள்) 3(4)க்கும் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய 4ஆம் பிரிவுக்கும் மட்டுமே; கார்டெலுக்குக் கிடையாது. இங்கே மிஞ்சுவது தானே முன்வந்து தகவல் கொடுத்துப் பெறும் அபராதச் சலுகை மட்டும்: முதலில் வருபவருக்கு 100 சதவீதம் வரை, அடுத்தவருக்கு 50, மூன்றாமவருக்கு 30. இந்த இரண்டு பிரிவுகளையும் குழப்பும் சொல் நிறுவனத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

– ம.

---

குழுவினருக்கு,

வண்டிச் சக்கரத்துக்கு நம்மிடம் பழைய தொழிற்சொற்கள் இருக்கின்றன: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றிக் கட்டும் மரவளையம் வட்டை. ‘குடம்’ என்றால் இன்று தண்ணீர்க்குடம்தான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். ‘ஆரம்’ பள்ளிக் கணக்கிலேயே வருவதால் சிக்கல் இல்லை.

ஆனால் இதுவரை யாரும் வட்டையைப் பற்றிப் பேசவில்லை. சட்டத்தில் முக்கியமே அதுதான். ஒரு நிறுவனம் பத்துப் பேரோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டால் பத்து ஆரங்கள் உண்டு, கார்டெல் இல்லை. அந்தப் பத்துப் பேருக்கும் இடையில் ஓர் இசைவு இருந்தாக வேண்டும், அது வாய்விட்டுச் சொல்லாத இசைவாக இருந்தாலும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1946 கோட்டியாக்கோஸ் தீர்ப்பு (அது கடன் மோசடி வழக்கு, போட்டிச் சட்ட வழக்கு அல்ல) இதே உருவகத்தால்தான் பெயர் பெற்றது: ஒரே தரகரிடம் பலர் போனார்கள், ஒருவருக்கொருவர் தொடர்பு இல்லை, எனவே வட்டை இல்லாத சக்கரம், எனவே ஒரே சதி அல்ல.

நம் ஊபர், ஓலா வழக்கும் அப்படியே. ஓட்டுநர்கள் எல்லோருக்கும் செயலியே கட்டணம் போடுகிறது, ஆகவே இது கார்டெல் என்பது புகார். ஓட்டுநர்களுக்கிடையே உடன்பாடு எதுவும் காட்டப்படவில்லை என்று போட்டி ஆணையம் 2018இல் முடித்துவைத்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

ஆகவே என் வாக்கு ‘ஆரக்கூட்டு’க்கு. ‘கூட்டு’ என்பது ஆரங்கள் தமக்குள் கூடுவதைச் சொல்கிறது. ‘மைய-ஆர’ என்று தொடங்கும் எதிலும் மையத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள உறவு மட்டுமே தெரிகிறது. அது விமான நிறுவனங்களின் வழித்தட அமைப்புக்குப் பொருந்தும், கார்டெலுக்குப் போதாது.

– இரா.

---

இரா. அம்மா சொல்வது சரி. ஒரு கேள்வி மட்டும்: நடுவில் இருப்பது மென்பொருளாக இருந்தால்?

– க.

---

க. அவர்களுக்கு,

மென்பொருள் தரப்பாகாது, அதை நடத்தும் நிறுவனம்தான் தரப்பு. லிதுவேனியாவின் ஈட்டூரஸ் வழக்கு இதற்கு நல்ல சோதனை. பயண முகவர்கள் பலர் பயன்படுத்திய முன்பதிவுத் தளம், இணையவழித் தள்ளுபடிக்கு 3 சதவீதம் உச்சவரம்பு என்று உள்பெட்டியில் ஒரு செய்தி அனுப்பி, தொழில்நுட்பத்திலும் அதைப் பூட்டியது. முகவர்கள் தமக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் சொன்னது: செய்தி அனுப்பப்பட்டது என்பது மட்டும் போதாது, முகவருக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டினால், அவர் வெளிப்படையாக விலகியிருந்தாலோ அதிகாரிகளிடம் தெரிவித்திருந்தாலோ ஒழிய, பங்கெடுத்ததாக அனுமானிக்கலாம். அங்கே வட்டையாக அமைந்தது முகவர்களின் மௌனம்.

சொற்பட்டியலில் இந்தச் சொல்லுக்கான குறிப்பில் நடைமுறைக்கு உதவும் ஒரு வரியும் வேண்டும் என்பேன். விநியோகஸ்தர் ஒருவர் ‘அவர்கள் அடுத்த மாதம் இந்த விலைக்குப் போகிறார்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பினால் அதை அழிப்பதோ பேசாமல் இருப்பதோ பாதுகாப்பு ஆகாது. இத்தகைய தகவல் வேண்டாம் என்று எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். உள்ளே யாருக்கும் முன்னனுப்பக் கூடாது. சட்டப் பிரிவுக்குத் தெரிவித்துத் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். விலைப்பிரிவுக்கு அது போய்ச் சேர்ந்து, அடுத்த மாதம் விலையும் அதேபோல் நகர்ந்தால் பிறகு விளக்குவது கடினம். பொதுச் சந்தையில் வெளியான விலைப்பட்டியலைப் பார்த்து நகர்வது வேறு. அது ஆரக்கூட்டு அல்ல.

– ம.

---

நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

ஆரக்கூட்டு – போட்டியாளர்கள் நேரடித் தொடர்பின்றி, பொதுவான ஒரு தரப்பின் வழியே இசைந்து நடக்கும் கார்டெல்.
மைய நிறுவனம் – அந்தப் பொதுத் தரப்பு. தனிநபராகவோ சங்கமாகவோ இருந்தால் ‘மையத் தரப்பு’.
ஆர நிறுவனங்கள் – இசைந்த போட்டியாளர்கள்.
வட்டை இசைவு – ஆர நிறுவனங்களுக்கிடையே உள்ள, வெளிப்படையான அல்லது உய்த்துணரப்படும் உடன்பாடு.

‘மைய நிறுவனத்தின் பங்கு தெரிகிறது, வட்டை இசைவுக்குச் சான்று இல்லை’ என்று ஓர் உத்தரவை மொழிபெயர்த்துப் பார்த்தேன், இடறவில்லை. ‘கார்டெல்’ அப்படியே இருக்கட்டும். அதற்குத் தனி இழை வேண்டும். ‘கள்ளக்கூட்டு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். தீர்ப்பு வருமுன்பே ‘கள்ள’ என்று எழுதிவிட முடியாது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

– செ.