மொட்டை மாடியில் ஒரு குட்டிக் கடல்

கேள்வி: மகளுக்கு ஒன்றரை வயது, கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது. டப்பில் கடல் மாதிரி அமைத்துத் தர ஆசை. தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெல் உருண்டைகள் வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்மா! விழுங்கினால் உள்ளே ஊதிக் குடலை அடைத்துவிடும். ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேகவைத்து, ஆறவைத்துப் போடுங்கள். நீலத்துக்குச் சங்குப்பூ. வெந்நீரில் போட்டால் சாயம் இறங்கும். ஆறியதும் ஓரமாக எலுமிச்சை பிழிந்தால் அந்த இடம் ஊதாவாகும். என் பேரன் அதற்கே கைதட்டுவான்.

கேள்வி கேட்டவர்: அருமை அம்மா! மணலுக்கு?

பதில்: வறுத்த ரவை, தனித் தட்டில். சோழி வேண்டாம், உள்ளங்கை அகலச் சிப்பி போதும்.

இன்னொருவர்: தண்ணீர் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். அதிலும் மூழ்கும் ஆபத்து உண்டு, பக்கத்திலேயே இருங்கள். அப்புறம், தரை சுடாத காலை நேரமே நல்லது.