கால்நடை மருத்துவம் படிக்க யோசிப்பவர்கள் ஒரு பெண் நாயின் கருத்தடை ஆபரேஷனில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி

பள்ளிப் படிப்பு முடியப் போகிறது, அடுத்து கால்நடை மருத்துவம் என்ற எண்ணம். நாய்க்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனை அருகில் நின்று பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. கத்தி வைப்பதைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? தொழிலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தில் தெரிந்ததை விவரமாகச் சொல்லுங்கள்.

அறுவை மருத்துவர்

"சின்ன ஆபரேஷன்தானே" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வயிற்றைத் திறந்து, இரண்டு சினைப்பைகளையும் கர்ப்பப்பையையும் எடுக்கிறோம். தினமும் நடப்பதால் எளிது போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் முனையிலிருந்து இடுப்பெலும்பு வரை முடியை மழித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தேய்ப்பார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் கை போகும். ஓரத்தைத் தொட்ட பஞ்சு திரும்ப நடுவுக்கு வராது. மூத்திரப்பையையும் முன்பே காலி செய்துவிட வேண்டும். நிரம்பிய பை கத்திக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

தொப்புளுக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டில் வெட்டு. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் வெள்ளைக் கோடாக ஒரு சவ்வு தெரியும். அதை ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் தூக்கிப் பிடித்த பிறகே கத்தி முனையால் குத்துவோம். தூக்காமல் குத்தினால் மண்ணீரலில் பட்டுவிடும்.

கர்ப்பப்பையின் கொம்பைக் கொக்கியாலோ விரலாலோ வெளியே எடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் சினைப்பை. கடினமான இடம் இதுதான். சினைப்பையை விலா எலும்பின் பக்கம் ஒரு தசைநார் இழுத்துப் பிடித்திருக்கும். அதை ஆள்காட்டி விரலால் மெல்ல நீட்டி அறுக்க வேண்டும். வலது சினைப்பை இடதைவிட முன்னால், சிறுநீரகத்தை ஒட்டி இருப்பதால் வெளியே கொண்டுவருவது இன்னும் சிரமம். அவசரப்பட்டு இழுத்தால் தசைநாருக்குப் பதில் ரத்தநாளம் கிழியும்.

அடுத்து, சினைப்பைக்குக் கீழே ரத்தநாளம் போகும் தண்டில் மூன்று கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி). மேலே உள்ளதற்கும் நடுவில் உள்ளதற்கும் இடையே வெட்டுவோம். ஆழத்தில் உள்ள கிளாம்பைத் தளர்த்தும்போதே, அது நசுக்கிய தடத்தில் முடிச்சு விழ வேண்டும். கிளாம்ப் இறுக்கமாக இருக்கும்போது கட்டினால் திசு விசிறிபோல விரிந்து நிற்பதால் முடிச்சு இறுகாது. கொழுத்த நாய்களில் முடிச்சு வழுக்குவதற்குக் காரணம், நூலுக்கும் நாளத்துக்கும் நடுவில் கொழுப்பு மாட்டிக்கொள்வது. தண்டை உள்ளே விடும் முன் ஃபோர்செப்ஸால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் கசிகிறதா என்று பார்ப்போம். கைவிட்ட பிறகு தேடுவது மிகவும் கடினம்.

அப்படியும் கசிந்தால் குருட்டுத்தனமாகக் கிளாம்ப் போடக் கூடாது. பக்கத்திலேயே சிறுநீர்க் குழாய் போகிறது. அது நசுங்கினால் அந்தப் பக்கச் சிறுநீரகமே கெட்டுவிடும். வெட்டைப் பெரிதாக்க வேண்டும். முன்சிறுகுடலை இடப்பக்கம் ஒதுக்கினால் வலது தண்டு தெரியும், பெருங்குடலை வலப்பக்கம் ஒதுக்கினால் இடது தண்டு தெரியும். வெட்டைப் பெரிதாக்கத் தயங்காத மருத்துவரை நான் மதிக்கிறேன்.

வெளியே எடுத்த சினைப்பையை அதன் உறையைப் பிளந்து முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கவனியுங்கள். ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டால் பின்னொரு காலம் நாய் மறுபடி ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வரும். மூடுவதற்கு முன் பஞ்சுத்துணிகளை எண்ணுவார்கள். தொடக்கத்தில் எண்ணிய எண்ணிக்கை வராமல் தையல் போடக் கூடாது.

மயக்க மருந்துப் பிரிவு

டாக்டர் சொன்ன அந்தத் தசைநாரை அறுக்கும் நொடியில் மானிட்டரைப் பாருங்கள். இதயத் துடிப்பு ஏறும், மூச்சு வேகமாகும். ஆபரேஷனிலேயே அதிகம் வலிக்கும் கட்டம் அது. முன்கூட்டியே வலி மருந்து போதுமான அளவு கொடுத்திருந்தால் ஏற்றம் சிறியதாக இருக்கும்.

முன்மருந்து (மயக்கத்துக்கு முன் கொடுக்கும் அமைதி மருந்து) கொடுத்த நாய்க்குப் பொதுவாக மயக்கமூட்டும் புரோபோஃபால் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் போதும், அதையும் சிறிது சிறிதாக. வேகமாக ஏற்றினால் மூச்சு நிற்கும். மூச்சுக்காக வாய்வழி விடும் குழாய் மூச்சுக்குழாயில்தான் இறங்கியிருக்கிறதா, உணவுக்குழாயில் போய்விட்டதா என்பதை வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அளவே உறுதியாகச் சொல்லும். 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் நல்லது. சராசரி ரத்த அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போக விடமாட்டோம்.

கண்ணையும் பாருங்கள். சரியான ஆழத்தில் கருவிழி கீழ்ப்பக்கமாக உருண்டிருக்கும், தாடை தளர்ந்திருக்கும். இமையைத் தொட்டால் சிமிட்டினால் மயக்கம் போதவில்லை. விழி நடுவுக்கு வந்து சிமிட்டலும் இல்லையென்றால் அளவு கூடிவிட்டது, மயக்க வாயுவை உடனே குறைக்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது மயக்க இயந்திரத்தில் மிகுதி வாயுவை வெளியேற்றும் வால்வைப் பற்றி. கையால் மூச்சுக் கொடுக்க அதை மூடிவிட்டுத் திறக்க மறந்தால், பலூனில் அழுத்தம் ஏறி நுரையீரல் கிழியும், இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. சில நிமிடங்களில் ஆரோக்கியமான நாய் இறந்துவிடும். மூடிய கை அந்த இடத்தை விட்டு நகரும் முன் திறக்க வேண்டும்.

இன்னொரு மருத்துவர்

எப்போது செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீட்டில் இருக்கும்போது நாளங்கள் பருத்து, திசு எளிதில் கிழியும்; அதனால் ஹீட் முடிந்து 2, 3 மாதம் தள்ளிச் செய்வதே நல்லது. பொய்ச்சினையில் (சினை இல்லாமலே சினை போன்ற நிலை) பால் சுரந்துகொண்டிருக்கும்போது செய்தால் அந்த நிலை நீடித்துவிடலாம். முதல் ஹீட்டுக்கு முன்பே செய்தால் மார்புக்கட்டி வெகுவாகக் குறையும் என்று 1969-இல் வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சான்று வலுவானதில்லை என்று 2012-இல் ஒரு மறுஆய்வு சொன்னது. பெரிய இன நாய்களில் எலும்பு வளர்ச்சி முடியக் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஆகவே எல்லா நாய்க்கும் ஒரே வயது என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சீழ் பிடித்த கர்ப்பப்பை என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை, உடனே எடுத்தாக வேண்டும்.

வார்டு நர்ஸ்

தையல் முடிந்ததும் எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். விழுங்கும் அசைவு வரும் வரை குழாயை எடுக்க மாட்டோம். எடுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கலாம். உடல் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே போனால் விழிப்பு தாமதமாகும், சிறிய உடல் நாய்களில் இது சீக்கிரம் நடக்கும். சுடுநீர்ப் பாட்டிலை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. மயங்கிக் கிடக்கும் நாயால் நகர முடியாது, தோல் வெந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது ஈறு. விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, நாடி வேகமாகவும் மெலிவாகவும் இருந்து, வயிறு உப்பினால் உள்ளே ரத்தம் ஓடுகிறது. "இன்னும் தூங்குகிறது" என்று விட்டுவிட்டால் நாய் பிழைக்காது.

வீட்டுக்காரர்களிடம் சொல்வது: கழுத்து வளையம் 10 முதல் 14 நாள், நக்கவே விடக் கூடாது. அதுவரை குளியல் இல்லை, மாடிப்படியில் ஓட்டம் இல்லை. மனிதர்களுக்கான ஐபுபுரோஃபென் மாத்திரை கொடுக்கவே கூடாது, நாய்க்கு அது விஷம். தையல் பிரிந்து குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், உப்புக்கரைசலில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே வர வேண்டும். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும். தீனியை ஐந்தில் ஒரு பங்காவது குறைத்து, எடையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்

மேலே சொன்ன அத்தனையும் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு. கைத்திறன் பழக்கத்தால் வரும். கணக்கில் கவனம் இல்லாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். 18.5 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் மெலோக்சிகாம் (வலி மருந்து) என்றால் 3.7 மில்லிகிராம், மருந்து மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் 0.74 மில்லி. புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும்.

விலங்குகளைப் பிடிக்கும் தொழில், கடி நிச்சயம். வெறிநோய்த் தடுப்பூசியை முதல் நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். விலங்குப் பாசம் மட்டும் போதாது. அழுதுகொண்டு நிற்கும் மனிதர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும். கருணைக்கொலை செய்த கையோடு அடுத்த அறைக்குப் போய்க் குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டியிருக்கும். இதை இப்போதே யோசித்துப் பாருங்கள்.

கேட்டவர்

ரத்தம் பார்த்துத் தலை சுற்றினால் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று அர்த்தமா?

கல்லூரி ஆசிரியர்

இல்லவே இல்லை. முதல் சில தடவை பலருக்கும் வரும், பிறகு போய்விடும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முழங்காலை விறைத்து நிற்காமல் அடிக்கடி கால் மாற்றி நில்லுங்கள். காது அடைத்தாலோ வியர்த்தாலோ காத்திருக்காமல், மேசையிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளித் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். மேசை மேல் விழுந்தால் கிருமிநீக்கம் செய்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். தரையில் உட்கார்ந்ததற்காக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.