எம்ஆர்ஐ எடுத்தாச்சு, அப்புறமும் ஆஞ்சியோ எதற்கு?

கேள்வி:
என் தம்பிக்கு 27 வயது. போன மாதம் வலிப்பு வந்து விழுந்தான். சிடி ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் சின்ன ரத்தக்கசிவு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'ஏவிஎம் அல்லது கேவர்னோமா இருக்கலாம்' என்று ஒரு வரி; இரண்டுமே மூளை ரத்தக்குழாய்க் கோளாறாம். இப்போது தொடை வழியாகக் குழாய் விட்டு மூளை ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ எடுக்கணுமாம். இத்தனை படம் எடுத்த பிறகும் இது தேவையா? அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

பதில் 1:
ஆஞ்சியோ அறையில் பதினோரு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். வைத்தியம் டாக்டர் சொல்லட்டும், திரையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ரத்தம் கசிந்திருக்கிறது என்று சிடி சட்டென்று காட்டிவிடும். எம்ஆர்ஐயில் ஏவிஎம் கறுப்புப் புழுக்கள் சுருண்டு கிடப்பது போலத் தெரியும். மூளையில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தப் படம்தான் வேண்டும். ஆனால் ஏவிஎம்மில் விஷயமே ஓட்டம்தான். தமனி ரத்தம் நுண்குழாய்களில் நிதானிக்காமல், பின்னிக் கிடக்கும் முடிச்சு வழியாக நேரே சிரைக்குள் பாய்கிறது. ஆஞ்சியோவில் ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்து ஏறும்போது நொடிக்குப் பல படங்கள் வரும். வழக்கமாகச் சிரைகள் தெரியச் சில நொடிகள் ஆகும். ஏவிஎம் என்றால் தமனி நிரம்பும்போதே சிரையும் நிரம்பிவிடும். அதைப் பார்த்ததும் அறையில் பேச்சு நின்றுவிடும். எந்தத் தமனி ஊட்டுகிறது, முடிச்சு 3 செ.மீ.க்குள் அடங்குகிறதா, சிரை ஆழத்தில் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துத்தான் அறுவையா, கதிர்வீச்சா, குழாய் வழியே அடைப்பதா என்று யோசிப்பார்கள்.

கேவர்னோமா நேர்மாறு. அதில் ரத்தம் மெதுவாக ஊறுவதால் ஆஞ்சியோவில் பெரும்பாலும் தெரியாது. பழைய கசிவு விட்டுப்போன இரும்புச்சத்து எம்ஆர்ஐயில் கறுப்பு வளையமாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆஞ்சியோவில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சிறுநீரகக் கோளாறோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
எனக்கு முதல் ஆஞ்சியோவில் ஒன்றும் தெரியவில்லை. உறைந்த ரத்தம் முடிச்சை அழுத்தி மறைத்திருக்கலாம் என்று சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். அப்போதுதான் பிடிபட்டது. மருந்து ஏறும்போது முகத்தின் ஒரு பக்கம் வெந்நீர் ஊற்றியது போலச் சுடும், கண்ணுக்குள் மின்னும். சில நொடிதான். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தலையை அசைத்தால் படம் கலங்கிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்குச் சம்மதம் சொல்லிவிட்டோம். வெந்நீர் விஷயத்தை இப்போதே அவனிடம் சொன்னேன்.

பதில் 1:
சரி. எம்ஆர்ஐ படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எடுத்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கணும்.