விண்டோஸில பட்ச் பைல் (கட்டளையளை வரிசையா எழுதி ஓட விடுற பைல்) ஓட விட்டுப் பைல் பேர் மாத்தின ஆக்கள், நடந்ததைச் சொல்லுங்கோ

கொக்குவில்:
எங்கட குடும்பத்து அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்த ஆக்களின்ர நினைவுக்கு அடிக்கிற புத்தகம்) எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஊர் ஊரா போல்டர் போட்டு வைச்சனான், பக்கம்1, பக்கம்2 எண்டு பேர், பிறகு எல்லாம் ஒரே சீரா 001, 002 எண்டு வரட்டும் எண்டு ஃபோர் ஸ்லாஷ் ஆர் (உள் போல்டர் பைலையெல்லாம் ஒவ்வொண்டா எடுக்கிற கட்டளை) போட்டு ஒரு பட்ச் எழுதி உள் போல்டர் எல்லாத்துக்கும் ஓட விட்டன். பின்னேரம் அம்மம்மா வம்சாவளிப் பக்கத்தைக் காட்டச் சொன்னா. திறந்தா அவவின்ர அப்புவின்ர பேர் நிக்குது, அடுத்ததைத் தட்டினா பிள்ளையள் பேர் வரவேணும், தேவாரம் வருது. அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பாத்தா. பட்ச் எழுத்து வரிசையில 1க்குப் பிறகு 10, 11 எண்டு எடுத்திருக்கு, 2 எங்கயோ பின்னால. எக்ஸ்புளோரரில வடிவா 1, 2, 3 எண்டுதானே காட்டினது!

சுன்னாகம்:
எனக்கு வேற மாதிரி. பேருக்கு முன்னால ஜேஎப்என் எண்ட எழுத்துகளைச் சேர்க்கிற ஸ்கிறிப்ட், மூண்டு படத்தோட சோதிச்சேக்க சரி, 600 படம் கிடந்த போல்டரில விட்டா அதே பைலைத் திரும்பத் திரும்பப் பிடிச்சு ஜேஎப்என்_ஜேஎப்என்_ஜேஎப்என் எண்டு நீட்டிக்கொண்டே போகுது. நிப்பாட்டக் கொன்ட்ரோல் சி அமத்தின கையை நான் எடுக்கேல்லை.

சாவகச்சேரி:
சுன்னாகம், மூண்டு படத்தில பாத்தது சோதனையே இல்லை. பெரிய போல்டரில ஃபோர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாசிக்கும், அதுக்கிடையில மாத்தின புதுப் பேரும் அதின்ர கண்ணில படும். நான் ஒருக்கா அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட விட, அது விண்டோஸின்ர சிஸ்டம்32 போல்டருக்குள்ள போய் நிண்டு அக்சஸ் டினைட் (அனுமதி இல்லை) எண்டு வரி வரியா ஓடினது, அண்டையில இருந்து இப்பிடித்தான் செய்யிறன், நீங்களும் செய்யுங்கோ. முதல் வரியிலயே ஸ்கிறிப்ட் கிடக்கிற போல்டருக்கு சிடி (போல்டர் மாறுற கட்டளை) பண்ணுங்கோ. டிர் ஸ்லாஷ் எஸ் ஸ்லாஷ் பி எண்ட கட்டளை போட்டு முழுப் பைல் பட்டியலையும் ஒரு டெக்ஸ்ட் பைலுக்கு எடுத்து, ஒழுங்கைக் கண்ணால பாத்து, அதை வாசிச்சுத்தான் மாத்தவேணும். பேர் மாத்திற ரென் கட்டளைக்கு முன்னால எக்கோ (எழுதினதை அப்பிடியே காட்டுற கட்டளை) போட்டு ஒருக்கா ஓட்டினா ஒண்டும் மாறாது, என்ன செய்யப்போகுது எண்டு மட்டும் காட்டும். ரென்னுக்கு அன்டூ இல்லை, பழைய பேரையும் புதுப் பேரையும் எழுதி வையுங்கோ. கொக்குவில் தம்பி, பேர் மாத்தினா டேற் மொடிபைட் (கடைசியா சேவ் பண்ணின நேரம்) மாறாது, அந்த நேரப்படி அடுக்கிப் பாருங்கோ.

கொக்குவில்:
அடுக்கினன் அண்ணை, ஸ்கான் பண்ணின ஒழுங்கிலயே வந்திட்டுது. சரிஞ்சு கிடக்கெண்டு பிறகு நிமித்தி சேவ் பண்ணின 11 பக்கம் மட்டும் கடைசியில போய் நிக்குது. அம்மம்மாவோட இருந்து ஒவ்வொண்டா வாசிச்சுப் பொருத்திறம், பிள்ளையள் பேர் பக்கம் இன்னும் வரேல்லை.