தசைநாண் காயத்துக்குப் பிறகு குதிரையைத் திடலில் அவிழ்த்து விடுவது எப்படி?

செம்மட்டை:
என் பெட்டைக் குதிரைக்கு வயது 12. இடது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்து, மாதக்கணக்கில் லாயத்திலேயே நிற்கிறாள். கையில் பிடித்து நடத்துவதில் தொடங்கி, இப்போது ஏறி உட்கார்ந்து நடையும் கொஞ்சம் டிராட்டும் (மெல்லோட்டம்) போகிறோம். கடைசி ஸ்கேனில் கிழிசல் நிரம்பிவிட்டது, இனி சிறிய இடத்தில் அவிழ்த்து விடலாம் என்றார் மருத்துவர். எனக்குத்தான் பயம். ஒரு காகிதம் பறந்தாலே இரண்டு காலில் நிற்கிறவள், கயிறு இல்லாவிட்டால் என்ன செய்வாள்? மயக்க மருந்து கொடுத்துத்தான் விட வேண்டுமா?

லாயத்துக்காரன்:
முதலில், சிறிய இடம் என்றால் எத்தனை மீட்டர் என்று மருத்துவரிடமே கேட்டு விடுங்கள். அவர் லாயத்தைப் போல இரண்டு மடங்கு என்று நினைத்திருப்பார், நீங்கள் பேடாக்கில் (வேலி போட்ட மேய்ச்சல் திடல்) பாதி என்று நினைப்பீர்கள். என் கணக்கில் பரப்பைவிட நீளம்தான் ஆபத்து. வேகம் பிடிக்க நீளம் கிடைத்தால் பிடிப்பாள், பிடித்தால் மூலையில் சடாரென்று நிறுத்தித் திரும்புவாள். அந்த இடத்தில்தான் தசைநாண் மறுபடி போகும். உடம்பைத் திருப்பவும் படுத்துப் புரளவும் இடம் இருந்தால் முதல் சில வாரங்களுக்குப் போதும். வேலி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற, உறுதியான தடுப்பாக இருக்கட்டும். மெல்லிய மின்நாடாவை மட்டும் நம்பாதீர்கள், மிரண்ட குதிரை அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

விடுகிற அன்று காற்று இருக்கக் கூடாது, தரை வழுக்கக் கூடாது. வழக்கமான சவாரியை முடித்து, கொஞ்சம் பசியோடு கொண்டு போங்கள். உள்ளே காய்ந்த புல்லை நாலைந்து இடத்தில் போட்டு வையுங்கள். ஒரே குவியலாக இருந்தால் தின்றுவிட்டு அடுத்த வேலையைத் தேடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிதானமான ஒரு துணைக் குதிரை நிற்கட்டும். இவள் வெளியே இருக்கும்வரை யாரும் அதை அழைத்துப் போகக் கூடாது, இதை லாயத்தில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். கயிற்றை அவிழ்க்கும்முன் அவள் தலையை வாசல் பக்கம், உங்களை நோக்கித் திருப்புங்கள். அவிழ்த்ததும் நீங்கள் பின்வாங்கியபடியே வெளியே வந்துவிடுங்கள். சந்தோஷத்தில் உதைத்தாலும் உதைதான்!

முதல் நாள் பத்து இருபது நிமிடம் போதும். தின்றுகொண்டு இருக்கும்போதே உள்ளே கூட்டி வாருங்கள், சலிப்பு வரும்வரை விடாதீர்கள்.

மருந்துப்பெட்டி:
மயக்க மருந்து விஷயம். இதற்குப் பெரும்பாலும் ஏஸ்புரோமசின்தான் எழுதுவார்கள். அமைதியாக இருக்கும்போது கொடுத்து, மருந்து பிடிக்க விட்டு, அப்புறம்தான் வெளியே கொண்டு போக வேண்டும். வாய்வழியாக என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏற்கெனவே துள்ளிக்கொண்டு இருக்கிற குதிரைக்குக் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. வலியைக் குறைக்காது, திடீரென்று மிரண்டால் மருந்தையும் மீறி ஓடும். அதனால் மருந்து கொடுத்துவிட்டோம் என்று பெரிய இடத்தில் விடாதீர்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போட்டிக்குப் போகிறவள் என்றால் எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேன்டர்பிரியன்:
நானாக இருந்தால் இப்போது விட மாட்டேன். கிழிசல் நிரம்பியது என்றால் பழைய பலம் வந்தது என்று அர்த்தமில்லை. முதலில் நிரம்புவது மூன்றாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம், இளசு. அது முதல் வகையாக மாறி இழைகள் நேராக அடுக்கிக்கொள்ளப் பல மாதம் வேண்டும். முழுதாகத் தேற 9 முதல் 12 மாதம் ஆகும், சிலதுக்கு அதற்கும் மேல். கேன்டர் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) வரை சவாரியில் சேர்த்துவிட்டு, கடைசியாகத்தான் திடல்.

லாயத்துக்காரன்:
நிதானமான குதிரைக்குச் சரி. நாள் முழுக்க லாயத்துக்குள் சுற்றிச்சுற்றி நடந்து கதவை உதைக்கிற குதிரையை அடைத்து வைத்தாலும் கால் கெடத்தானே செய்யும்? செம்மட்டை, உங்களுடையது எந்த ரகம்?

செம்மட்டை:
கதவை உதைக்கிற ரகம். துணைக் குதிரை இருக்கிறது, அளவையும் இன்றே கேட்கிறேன். வெளியே தரையில் புல் இருக்கிறது, அது பரவாயில்லையா?

மருந்துப்பெட்டி:
மாதக்கணக்கில் காய்ந்த புல் மட்டும் தின்ற குடல், எடுத்தவுடன் நிறையப் பச்சைப்புல்லைத் தாங்காது. வயிற்றுவலி வரும், குளம்பழற்சியும் வரலாம். நடத்தும்போது கையில் பிடித்தபடி சில நிமிடம் மேயவிட்டுப் பழக்குங்கள், தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். அடர்தீவனத்தை (தானியம், தவிடு போன்றவை) உழைப்பு கூடும்வரை ஏற்றாதீர்கள். வெளியே விட்ட மறுநாள் காலை, சவாரிக்கு முன், இரண்டு முன்னங்காலையும் தடவி ஒப்பிடுங்கள். சூடு, புது வீக்கம், அழுத்தினால் காலை இழுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் லாயத்துக்குள் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.