ஃபிளாஷோவர்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தீ விபத்து நடந்த இடத்தை ஆய்வு செய்வது பற்றிய பாடநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மதுரையில் தீப் பாதுகாப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கானது. திங்களன்று அச்சுக்குப் போகிறது. எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன், தொடர்வினை என்று மற்றதெல்லாம் ஓடிவிட்டது. ஃபிளாஷோவர் (flashover) என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறேன்.

நடப்பது இதுதான். அறையில் ஒரு சோபா எரிகிறது. சூடான புகை கூரையடியில் படலமாகத் தேங்கி, தடித்து, கீழே இறங்குகிறது. அது 500–600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதிலிருந்து தரைக்கு வரும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் அளவுக்கு ஏறிவிடும். சுவாலையே தொடாத நாற்காலி, பாய், துணிமணி எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதுவரை அறைக்குள் தீ இருந்தது, இனி அறையே தீ. இந்தத் திருப்பத்துக்கு 'திடீர்ப் பரவல்' என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

பழங்காநத்தம் புலவர் எழுதியது:

'திடீர்' வேண்டாம் அம்மா. 'திடம்' வழி வந்த வடசொல் என்பது என் துணிபு. 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பிய உரியியல் எடுத்துக் கொடுத்திருக்கிறதே. கதழ் + எரி, கதழெரி. நான்கே எழுத்து. இன்னொன்றும் சொல்கிறேன். மதுரை எரிந்ததைப் பாடும் சிலப்பதிகாரப் பகுதிக்கு 'அழற்படு காதை' என்றே பெயர். 'அறை அழற்பட்டது' என்றால் என்ன குறை? நம் ஊர்த் தீக்கு நம் காப்பியம் தந்த சொல்.

ஒத்தக்கடையார் எழுதியது:

புலவர் ஐயா, திடீரென, பளீரென, மடாரென எல்லாம் ஒரே குடும்பத்துக் குறிப்புச் சொற்கள். 'பொள்ளென ஆங்கே புறம்வேரார்' என்ற குறளில் வரும் பொள்ளெனவுக்கும் அதே வேலைதான். இதில் வடமொழி எங்கே வந்தது? அப்புறம், அழற்படுதல் எந்தத் தீக்கும் பொருந்தும், ஒரு வைக்கோற்படப்புக்குக்கூட. கண்ணகி யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று தீக்குச் சொல்லி அனுப்புகிறாள். டீச்சர் சொல்லும் தீ ஒன்றையும் விடாது. ஊரில் 'குப்புனு பிடிச்சுக்கிச்சு' என்கிறோம். 'குப்பெரி' என்று வையுங்கள். நாளைக்கே புழங்கும்.

அனுப்பானடி அண்ணன் (தீயணைப்புத் துறை, ஓய்வு) எழுதியது:

நாங்கள் ஃபிளாஷோவர் என்றுதான் சொன்னோம். கூரையடிப் புகைக்குள் சுவாலை உருள ஆரம்பித்தால் வெளியே வந்துவிடு என்பதே எங்களுக்குப் பாடம். 'பரவல்' பொருந்தாது டீச்சர். இது ஒரு பொருளிலிருந்து பக்கத்துப் பொருளுக்குத் தாவுவதில்லை. மேலிருந்து வரும் சூட்டில் எல்லாம் சேர்ந்து பற்றுவது. 'குப்பெரி' என்று எழுதினால் பையன்கள் குப்பை எரிப்பது என்று படிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், குப்பென்று பிடிப்பது பெட்ரோல் ஆவி.

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

அண்ணன் சொன்ன கடைசி வரிதான் எனக்கு முக்கியம். 1990இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் ஒரு வீடு எரிந்து ஆறு பேர் இறந்தார்கள். தரையில் இருந்த கருகலைப் பார்த்துவிட்டு, எரிபொருளை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார் என்று ஒருவர்மேல் வழக்கு வந்தது. குழந்தை சோபாவில் தீ வைத்துவிட்டது என்பது அவர் தரப்பு. அதே தெருவில் அதே அமைப்பில் இருந்த வீட்டில் அதே மாதிரிச் சாமான்களைப் போட்டு, சோபாவை மட்டும் கொளுத்திப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷோவர் வந்தது. ஒரு சொட்டு எரிபொருளும் ஊற்றாமல் தரை கருகியது. வழக்கு கைவிடப்பட்டது.

ஃபிளாஷோவர் வந்த அறையில் தீ காற்றைத் தேடிப் போகும். வாசல், சன்னல் ஓரங்களில்தான் கருகல் ஆழமாக விழும். தீ தொடங்கிய இடம் அதுவாக இருக்க வேண்டியதில்லை. இது தெரியாதவர் அங்கேதான் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள் என்று எழுதிவிடுவார். நம் சொல்லிலேயே ஆவியும் வெடிப்பும் மணந்தால், படிக்கிற பிள்ளை மனத்தில் சந்தேகத்தை நாமே விதைத்த மாதிரி ஆகும். ஓர் ஆள் சிறைக்குப் போகிற விஷயம் இது. அதனால் குப்பெரியும் வேண்டாம், வெடியெரி மாதிரிச் சொல் எதுவும் வேண்டாம்.

மேலூரான் எழுதியது:

இடையில் ஒன்று. கான்கிரீட்டும் கல்லும் தீயில் செதில் செதிலாகத் தெறிப்பதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? அதையும் ஒரு காலத்தில் எண்ணெய் ஊற்றியதற்கு அடையாளம் என்று நம்பினார்கள். சூடு மேல்பக்கமும் உள்ளேயும் ஒரே அளவாக ஏறாததும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி முட்டுவதுமே அதற்குப் போதும். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கல் வேலைப்பாடு சேதமானதை நாம் எல்லோரும் அறிவோம். பாறையில் விறகு மூட்டிச் சூடேற்றிக் கல்லைப் பெயர்ப்பது பழைய கல்வேலை. சுவர் உரிந்தால் 'பொருக்கு விட்டுப்போச்சு' என்போம். 'பொருக்குதிர்தல்' சரியாக வரும்.

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

பொருக்குதிர்தலை இன்றே நூலில் சேர்த்துவிட்டேன் மேலூரண்ணே. ஃபிளாஷோவருக்கு 'முழுப்பற்றல்' என்று முடிக்கலாமா?

ஒத்தக்கடையார் எழுதியது:

சரி. எனக்குக் குப்பெரியில் இன்னும் ஆசை உண்டு. ஆனாலும் முழுப்பற்றலே இருக்கட்டும்.

பழங்காநத்தம் புலவர் எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. 'முழு' என்றால் முடிந்த நிலை. நீங்கள் சொல்வதோ ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணம். எல்லாம் எரிந்துகொண்டிருக்கும் அடுத்த கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? விரைவு என்ற பொருளே உங்கள் சொல்லில் இல்லை. கதழெரி இரண்டு முறை கேட்டால் பழகிவிடும். கணினி என்ற சொல்லும் பழகித்தானே வந்தது?

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

அடுத்த கட்டம் 'முழுவெரி நிலை' ஐயா. பற்றல் நிகழ்வு, எரி நிலை என்று பிரித்து வைத்திருக்கிறேன். முதலில் வரும் இடத்தில் ஃபிளாஷோவரையும் சேர்த்தே அச்சிடுகிறோம். சொல்லடைவில் கதழெரிக்கும் ஒரு வரி உண்டு.

அனுப்பானடி அண்ணன் எழுதியது:

முழுப்பற்றலுக்கு என் வாக்கு. மூடிக் கிடக்கும் அறையில் காற்றில்லாமல் புகைந்துகொண்டிருந்து, கதவைத் திறந்ததும் வெடித்து வெளியே வருமே, பேக்டிராஃப்ட், அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள் டீச்சர்? 'பின்னிழுப்பு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பழங்காநத்தம் புலவர் எழுதியது:

அதற்கு என்னிடம் மூன்று சொல் இருக்கிறது. தனி இழை தொடங்குகிறேன். கதழெரியை நான் விடவில்லை.