வளர்ப்புப் பராமரிப்பில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோரைத் திரட்டுவது எப்படி?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தத்தெடுப்பு பற்றிப் பேசினாலே எல்லாரும் கைக்குழந்தையைத்தான் கேட்கிறார்கள். வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வளர்ந்தபடி, எட்டு, பத்து வயதில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் குடும்பங்களை எப்படித் தேடுவது? திருவிழாவில் அவர்களின் படத்துடன் பதாகை வைக்கலாமா?

பதில் 1:
கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இத்தகைய பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆர்வமுள்ளோரை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள்.

பதில் 2 (ஏற்காடு):
வளர்த்த குடும்பமே தத்தெடுப்பதற்கான ஐந்தாண்டுக் காத்திருப்பை மத்திய அரசின் 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிமுறைகள் இரண்டாண்டாகக் குறைத்ததை முதலில் சொல்லுங்கள். எட்டு வயதைக் கடந்த குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது (இருவர் வயதின் கூட்டுத்தொகை) 110 வரை இருக்கலாம் என்பது தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எங்களிடம் வளர வந்த சிறுமி முதல் மாதம் முழுதும் பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தாள். அதையும் நான் மறைக்காமல் சொல்வேன்.

கேட்டவர் (பதில் 2 எழுதியவருக்கு):
பதாகையைக் கைவிட்டோம். அடுத்த கூட்டத்துக்குத் தாங்கள் வர இயலுமா, அம்மா?